தோழரை வழியனுப்பும் நாளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அப்பா அரூர் பக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் மறைந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அன்று நாங்கள் செய்ததில் சில நன்றாக அமைந்தன, சில சொதப்பின. அதற்குப் பிறகு தர்மபுரி, பாலக்கோடு, ஊத்தங்கரை, ஓசூர் என்று எந்தக் கம்யூனிஸ்ட், சோசலிஸ்ட் தோழர் வீட்டில் சாவு விழுந்தாலும் யாராவது போன் போட்டு, "அக்கா, நீங்க எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் கூப்பிடுவார்கள். கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

1. அப்பா இப்பத்தான் போயிட்டார். முதல்ல என்ன பண்றது?

கண் தானம் செய்வதாகச் சொல்லியிருந்தாரா என்று முதலில் யோசியுங்கள். ஏனென்றால் மற்றதெல்லாம் காத்திருக்கும், கண் காத்திருக்காது. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்குத் தலையணை கொடுத்துக் கொஞ்சம் உயர்த்துங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். அரசு மருத்துவமனைக்கோ பக்கத்துக் கண் வங்கிக்கோ போன் செய்தால் அவர்களே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள். அரை மணி நேர வேலை. முகம் விகாரமாகாது.

எங்கள் வீட்டில் அப்பா விடியற்காலை நாலு மணிக்குப் போனார். எல்லாருக்கும் சொல்லி, பந்தலுக்குச் சொல்லி, ஐஸ் பாக்ஸுக்கு ஆள் அனுப்பி, மாலை ஐந்து மணிக்கு என் தம்பி அவர் சட்டைப் பையைத் துழாவும்போது கண் தான அட்டை வந்தது. பதிமூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

வீட்டிலேயே இறந்திருந்தால் மருத்துவர் ஒருவரை வரவழைத்து இறப்புச் சான்று வாங்கிவிடுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அந்தத் தாள் வேண்டும். அதற்கப்புறம் சங்கத்துக்கும் சொந்தங்களுக்கும் போன் செய்யலாம்.

2. வயசு எண்பத்தி நாலு, சர்க்கரை வேற, கண் ஆபரேஷனும் பண்ணியிருக்கு. எடுத்துக்குவாங்களா?

எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்குத் தேவை கருவிழி. வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்புரை அறுவை எதுவும் தடை இல்லை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வகைத் தொற்று, வெறிநாய்க்கடி போன்றவை இருந்தால்தான் மறுப்பார்கள்.

3. உடம்பை மெடிக்கல் காலேஜுக்குக் கொடுக்கணும்னு சொல்லிட்டே இருந்தார். யார்கிட்ட போறது?

நம் பக்கத்தில் இது முன்பைவிட எளிது. தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008இலிருந்து இருக்கிறது. கிருஷ்ணகிரியில் 2022இல் வந்தது. அங்கே உடற்கூறியல் துறையைக் கேட்க வேண்டும். இறப்புச் சான்று, இறந்தவரின் ஆதார், நெருங்கிய உறவினரின் சம்மதக் கடிதம், அவர்களுடைய அடையாள அட்டை இவ்வளவும் கையில் இருக்கட்டும். போவதற்கு முன் போன் செய்துவிடுங்கள். விடுமுறை நாளில் ஆள் இல்லாமல் வாசலில் நின்ற குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

விபத்து, தற்கொலை என்று போலீஸ் வழக்காகிப் பிரேதப் பரிசோதனை நடந்த உடலை வாங்க மாட்டார்கள். தொற்று நோய் இருந்தாலும், உடல் கெட ஆரம்பித்திருந்தாலும் அப்படித்தான். கண் எடுத்த உடலைப் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். ஒருவேளை திருப்பி அனுப்பினால் என்ன செய்வது என்று மாற்று ஏற்பாடும் மனதில் இருக்கட்டும்.

இதில் நம் ஆட்களுக்கு மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர்களிடமே முன்னுதாரணம் நிறைய. ஜோதி பாசு 2010 ஜனவரியில் மறைந்தபோது அவர் உடல் கொல்கத்தா அரசு மருத்துவமனைக்குப் போனது. புத்ததேவ் பட்டாச்சார்யா 2024 ஆகஸ்டிலும், சீதாராம் யெச்சூரி அடுத்த மாதமும் மறைந்தார்கள்; இருவர் உடலும் மாணவர்கள் படிக்கத்தான் கொடுக்கப்பட்டது. இந்தப் பெயர்களைச் சொன்னால் சொந்தங்களின் முகச்சுளிப்பு கொஞ்சம் குறைகிறது. "எமனுக்கே கொடுக்காத உடம்பை டாக்டருக்குக் கொடுத்துட்டார்" என்று ஊத்தங்கரையில் ஒரு பெரியவர் பெருமையாகவே சொன்னார்.

4. படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கார். பெரியப்பா பசங்க முடியாதுன்னு நிக்கறாங்க. சட்டப்படி என்ன?

நடைமுறையில், சாவு வீட்டில் சண்டை என்று தெரிந்தால் கல்லூரி உடலை எடுக்காது. அவருடைய கையெழுத்து அவர் விருப்பத்தைக் காட்டும், அவ்வளவுதான். முடிவு மனைவி, மக்கள் கையில். ஆகவே பெரியப்பா பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவதைவிட அம்மாவும் நீங்களும் ஒரே பேச்சில் நிற்பது முக்கியம். பங்காளிகள் சத்தம் போடுவார்கள், பிறகு டீ குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அம்மாவே வேண்டாம் என்றால், என்னைக் கேட்டால், விட்டுவிடுங்கள்.

உடல் தானம் செய்தால் அரசு மரியாதை உண்டா என்றும் கேட்கிறார்கள். 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது உறுப்பு தானத்துக்கு. மூளைச்சாவு அடைந்தவரின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றைத் தருபவர்களுக்கானது அது. முழு உடல் தானம் வேறு.

5. சடங்கு எதுவும் வேணாம்னு சொல்லிட்டார். அப்ப நாங்க என்னதான் செய்யறது? சும்மா உக்கார்ந்திருக்கறதா?

இதுதான் எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வி. நீர்மாலை இல்லை, வாய்க்கரிசி இல்லை, ஐயர் இல்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் சாவு வீடு வெறிச்சென்று ஆகிவிடும். வந்தவர்களுக்குக் கை ஓடாது. அந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான் யாரோ ஒரு அத்தை தேங்காய் உடைக்க ஆரம்பிப்பார். அத்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. துக்கத்துக்கு ஒரு வேலை வேண்டும்.

நாங்கள் ஒரு மேசை போட்டோம். அதில் அப்பாவின் ஜோல்னா பை, கைப்பிடி உடைந்து சணல் சுற்றிய டார்ச் லைட், சங்கச் சந்தா ரசீதுப் புத்தகம். மேசைக்குப் பக்கத்தில் அவருடைய சைக்கிள். பையைத் திறந்தால் இரண்டு மனுக்கள் கொடுக்கப்படாமல் இருந்தன, ஒன்று முதியோர் உதவித்தொகை, ஒன்று பட்டா. வந்தவர்கள் மாலை போட்டுவிட்டு அந்த மேசையைச் சுற்றியே நின்றார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, என் மகள் எழுதினாள். மதியத்துக்குள் நாற்பது பக்கம் தாண்டிவிட்டது. எங்களுக்கே தெரியாத அப்பா அதில் இருந்தார்.

பிறகு செங்கொடி போர்த்தினார்கள். முழக்கம் போட்டார்கள். உடலை எடுக்கும் முன் இரண்டு நிமிடம் எல்லாரும் எழுந்து நின்றோம். தொழிலாளர் இயக்கத்தின் சர்வதேச கீதம் தெரிந்தவர்கள் பாடலாம். அது 1871இல் பாரிஸ் கம்யூன் வீழ்ந்த கையோடு எழுதப்பட்ட பாட்டு; சாவு வீட்டுக்கு அந்நியமில்லை. நான்கு பேருக்காவது முழுதாகத் தெரிந்தால் மட்டும் பாடுங்கள். முதல் வரியோடு முனகலாகிப் போனால் பாடாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

பாட்டிகள் ஒப்பாரி வைத்தால் தடுக்காதீர்கள். மாந்தோப்பில் கூலி வேலை பார்த்த ஒரு அம்மா அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, எட்டணா கூலி உயர்ந்த கதையை ஒப்பாரியாகவே பாடினார். மாவட்டத் தலைவர்கள் பேசியதில் ஒன்றும் எனக்கு நினைவில்லை, இது இருக்கிறது.

6. அப்பா ஒரு கட்சியில ஆரம்பிச்சு, பிரிவினைல இன்னொரு பக்கம் போய், கடைசியில எதுலயும் இல்லாம இருந்தார். எந்தக் கொடியைப் போர்த்தறது?

1964இல் கம்யூனிஸ்ட் கட்சி பிரிந்ததிலிருந்து இந்தக் கேள்வி இருக்கிறது. கடைசியாக எதில் உறுப்பினராக இருந்தாரோ அந்தக் கொடி என்பது பொது வழக்கம். எதிலும் இல்லையென்றால், அல்லது மனக்கசப்பில் வெளியேறியிருந்தால், அவர் உழைத்த தொழிற்சங்கத்தின் கொடியைப் போர்த்துங்கள். லோகியா, ஜெயப்பிரகாஷ் வழியில் வந்த பழைய சோசலிஸ்டுகளுக்குக் கட்சியே கலைந்துபோயிற்று. அவர்களுக்கு எழுத்தோ சின்னமோ இல்லாத சிவப்புத் துணி போதும்.

இரண்டு கட்சிக்காரர்களும் கொடியோடு வந்து நின்றால் இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் நெஞ்சில் ஒன்று, காலில் ஒன்று என்று ஆகி, "காலில் போட்டது யார் கொடி" என்று முணுமுணுப்பு கிளம்பியது. பக்கம் பக்கமாகப் போடச் சொன்னேன். எரியூட்டும் முன் கொடியை எடுத்து மடித்து மனைவியின் கையில் கொடுத்துவிடுவது நல்ல பழக்கம்.

7. தாத்தா சுதந்திரப் போராட்டத்துல இருந்தவர். தேசியக் கொடி போர்த்தலாமா?

நாமாகப் போர்த்தக் கூடாது. அரசு மரியாதை, ராணுவம், துணை ராணுவம் சார்ந்த இறுதி நிகழ்வுகளுக்கு மட்டும் கொடி விதி அதை அனுமதிக்கிறது. அப்போதும் கொடியைக் குழியில் இறக்கவோ எரிக்கவோ கூடாது. சுதந்திரப் போராட்ட வீரரான கம்யூனிஸ்ட் தலைவர் என். சங்கரய்யா 2023 நவம்பர் 15இல் 102 வயதில் மறைந்தபோது அரசு மரியாதையோடு தகனம் நடந்தது. அது அரசு எடுக்கிற முடிவு. தகுதி இருப்பதாக நினைத்தால் கட்சி மூலமாக ஆட்சியர் அலுவலகத்தில் உடனே பேசச் சொல்லுங்கள்.

8. அம்மா சாமி கும்பிடறவங்க. தலைமாட்டுல ஒரு விளக்காவது ஏத்தணும்னு அழறாங்க. அப்பா கொள்கை என்ன ஆகறது?

ஏற்றட்டும். ஐம்பது வருடம் அந்த வீட்டில் அவர் கொள்கையும் அம்மாவின் மாரியம்மனும் சேர்ந்துதானே குடியிருந்தன? அவர் தலைமறைவாகவும் ஜெயிலிலும் இருந்த நாட்களில் குடும்பத்தைக் காப்பாற்றியது அம்மாதான். ஒரு விளக்குக்காக அவரை எதிர்த்து நிற்பது எனக்குச் சோசலிசமாகப் படவில்லை.

ஆனால் ஒரு கோடு உண்டு. அம்மா தனக்காகச் செய்வது வேறு. பங்காளிகள் தங்கள் கௌரவத்துக்காக அவர் நெற்றியில் பட்டை இழுப்பது வேறு. அவர் உடல் மேல் எதுவும் பூச வேண்டாம், பூணூல் வேண்டாம், மந்திரம் வேண்டாம். இதை வீட்டில் பெரியவர் ஒருவர் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். பாடை கட்டும்போது சொன்னால் சண்டைதான்.

9. தாலியை எடுக்கணும், வளையல் உடைக்கணும்னு பொம்பளைங்களே நிக்கறாங்க.

வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள், அவர் என்ன விரும்புகிறாரோ அதுதான். எங்கள் அம்மா பூவும் பொட்டும் தானாகவே குறைத்துக்கொண்டார், தாலிக்கொடியை மட்டும் ஒரு வருடம் கழித்துக் கழற்றிப் பேத்திக்குச் செயினாக்கினார். யாரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து எதையும் செய்யவில்லை. செய்ய வந்த இரண்டு சித்திகளை என் மாமியார்தான் அடக்கினார். அவருக்கு மார்க்ஸ் பெயர்கூடத் தெரியாது.

10. சனிக்கிழமை போயிட்டார். சனிப் பொணம் தனியாப் போகாதுன்னு பாடையில கோழி கட்டச் சொல்றாங்க.

இந்தக் கேள்வி வராத வருடமில்லை. கட்டாதீர்கள் என்பதுதான் பதில். ராகு காலம் பார்த்து எடுப்பதற்கும் இதே பதில். மொரப்பூர்ப் பக்கம் ஒரு தோழருக்கு எங்களுக்குத் தெரியாமல் பின்பக்கம் கட்டிவிட்டார்கள். பாதி வழியில் முழக்கம் ஓய்கிற நேரமெல்லாம் அது கத்தியது. வழியனுப்ப வந்த பாதிப் பேர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். அவர் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பார்.

11. நானும் தங்கச்சியும் மட்டும்தான் வாரிசு. பொண்ணுங்க சுடுகாட்டுக்கு வரலாமா? கொள்ளி யார் வைக்கறது?

வரலாம், தோள் கொடுக்கலாம், கொள்ளியும் வைக்கலாம். தெரு முனையோடு பெண்கள் திரும்பிவிட வேண்டும் என்ற வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. நான் போனேன். முன்கூட்டியே இன்னும் நாலைந்து பெண் தோழர்களைக் கூட வரச் சொன்னேன். தனியாக ஒருத்தி போனால் எல்லாக் கண்ணும் அவள் மேல் இருக்கும், கூட்டமாகப் போனால் அது ஊர்வலம். எரிவாயு மயானத்தில் கொள்ளிப் பிரச்சினையே குறைவு. தட்டை உள்ளே தள்ளும்போது கை வைத்தால் போதும்.

12. பறை வைக்கலாமா? அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

பறை வைக்கலாம். யாரை, எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். "நம்ம ஊர் ஆளுங்க வந்து அடிச்சுத்தான் ஆகணும்" என்று காலனிக்கு ஆள் அனுப்பினால், அவர் எதை எதிர்த்தாரோ அதையே அவர் சாவில் செய்கிறீர்கள். சாவுக்குப் பறை அடிப்பதில்லை என்று பல ஊர்களில் அவர்களே முடிவெடுத்திருக்கிறார்கள், அதை மதியுங்கள். மேடையில் வாசிக்கிற கலைக் குழுக்கள் இருக்கின்றன. கூலி பேசி, வண்டி வைத்து, அவர்களையும் எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள்.

13. எரிக்கறதா, புதைக்கறதா? எங்க ஊர்ல சாதிக்கு ஒரு சுடுகாடு இருக்கு, அதான் யோசனை.

எரிப்பதா புதைப்பதா என்பதில் பொதுவுடைமைக்காரர்களுக்கென்று விதி கிடையாது. மார்க்ஸைப் புதைத்தார்கள், எங்கெல்ஸை எரித்தார்கள். குடும்ப வழக்கம் எதுவோ அப்படியே செய்யலாம்.

தனிச் சுடுகாடு விஷயம் அப்படியில்லை. 2012 நவம்பரில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகள் எரிந்த மாவட்டம் இது. காதலித்து மணந்தவர்களின் பெயரால் வீடுகள் எரிந்ததைப் பார்த்து மேடை மேடையாகப் பேசிய ஒருவரைக் கொண்டுபோய்ச் சாதிச் சுடுகாட்டில் வைத்தால், வந்த தோழர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள். நகராட்சி எரிவாயு மயானம் எல்லாருக்கும் பொது. கொஞ்சம் தூரமானாலும் அங்கே போவதுதான் என் கருத்து. 3ஆம் கேள்வியில் சொன்ன மருத்துவக் கல்லூரியும் எல்லாருக்கும் பொதுதான்.

சொந்த நிலத்தில் புதைத்து நினைவுத்தூண் வைக்க ஆசைப்படுகிறார்கள். பட்டா உங்களுடையது என்பதால் மட்டும் அங்கே புதைத்துவிட முடியாது, உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். குடிநீர்க் கிணறோ வீடோ பக்கத்தில் இருந்தால் கிடைக்காது. உரிமம் இல்லாமல் புதைத்துவிட்டுப் பிறகு கோர்ட்டுக்கு அலைவது யாருக்கும் வேண்டாம்.

அப்புறம், வாடகைக்கு வருகிற அமரர் ஊர்தியில் "சொர்க்க ரதம்" என்று பெரிதாக எழுதியிருக்கும். வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு அதன் மேல் சிவப்புத் துணி கட்டிக்கொள்ளலாம். நாங்கள் கட்டியது காற்றில் அவிழ்ந்து "ரதம்" மட்டும் தெரிந்தது. பரவாயில்லை.

14. சாம்பலை ஒகேனக்கல்ல கரைக்கலாமா? அது சடங்குல சேருமா?

எங்கெல்ஸ் 1895இல் இறந்தபோது அவர் விருப்பப்படி சாம்பலை ஈஸ்ட்போர்ன் பக்கத்துக் கடலில் கரைத்தார்கள். கடலில் கரைத்தது சடங்கில்லை என்றால் காவிரியில் கரைப்பதும் சடங்கில்லை. புரோகிதர் இல்லாமல், பிளாஸ்டிக் பையை ஆற்றில் விடாமல் கரைத்துவிட்டு வாருங்கள். பாதியை அவர் நட்ட புளிய மரத்தடியில் போட்ட குடும்பமும் உண்டு.

15. போஸ்டர்ல என்ன போடறது? கடையில கொடுத்தா "சிவலோகப் பதவி"ன்னு அடிச்சுத் தர்றாங்க.

கடைக்காரரிடம் தயார் வடிவம் இருக்கும்: விளக்கு, புறா, மேகம், "இறைவனடி சேர்ந்தார்", "ஆன்மா சாந்தியடைய". அவசரத்தில் பெயரை மட்டும் மாற்றிவிடுவார். எங்களுக்கு அப்படித்தான் நாத்திகரின் தலைக்கு மேல் ஒளிவட்டம் வந்தது. பத்து போஸ்டர் ஒட்டிய பிறகு கண்ணில் பட்டது.

"மறைந்தார்", "காலமானார்", "இயற்கை எய்தினார்" மூன்றும் சரி. "தெய்வத்திரு" வேண்டாம். "அமரர்" என்றால் சாகாதவர், தேவர் என்று பொருள்; பழக்கத்தில் எல்லாரும் போடுகிறார்கள், அவருக்கு "தோழர்" போதும். பிறப்பு, மறைவு என்று தேதி போடுங்கள். கீழே "செவ்வணக்கம்". எத்தனை மணிக்கு, எங்கிருந்து, எந்த மயானம் அல்லது எந்தக் கல்லூரி என்பதை முகத்துக்குச் சமமாகப் பெரிய எழுத்தில் போடுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு அதுதான் வேண்டும். சாதிப் பட்டம் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்று மாமா அடம்பிடித்தால் அவர் தனியாக அடித்துக்கொள்ளட்டும்.

16. வாழ்க்கைக் குறிப்பு எழுதச் சொன்னா, ஆளுக்கொரு வருஷம் சொல்றாங்க. எதை நம்பறது?

நினைவு கதையாகத்தான் வரும், தேதியாக வராது. யாரும் பொய் சொல்வதில்லை, வருடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. சில கொக்கிகளில் மாட்டிப் பார்த்தால் சரியாகிவிடும். "1952இல் தர்மபுரி மாவட்டச் செயலாளர்" என்று ஒரு குறிப்பு வந்தது. தர்மபுரி மாவட்டமே 1965 அக்டோபரில்தான் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில். "1968இல் சி.ஐ.டி.யு." என்றார்கள், அந்தத் தொழிற்சங்கம் தொடங்கியதே 1970. நெருக்கடி நிலைக் கைது என்றால் எந்த மாதம் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31இல் ஆட்சி கலைக்கப்பட்ட பிறகுதான் கைதுகள் பெருகின.

எல்லாவற்றையும்விட அதிகம் கேட்டது, "தாத்தா சேலம் ஜெயில்ல துப்பாக்கிச் சூடு நடந்தப்ப உள்ளே இருந்தார்" என்பது. 1950 பிப்ரவரி 11இல் அங்கே 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உள்ளே இருந்து தப்பியவர்கள் உண்டு, நம் ஊர்க்காரர்களும் இருந்திருக்கலாம். ஆனால் விடுதலைச் சீட்டோ, கூட இருந்தவர் சொன்னதோ இல்லாமல் எழுதாதீர்கள். அங்கே செத்தவர்களின் கணக்கில் நம் வீட்டுப் பெருமையைச் சேர்க்கக் கூடாது.

பெரிய நிகழ்ச்சிகளை மட்டும் எழுதாதீர்கள். வாச்சாத்தியில் 1992 ஜூன் 20இல் வனத்துறையும் போலீசும் மலைவாழ் மக்கள் மேல் நடத்திய வன்முறையும், 2011இல் தர்மபுரி அமர்வு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்ததும் எல்லாருக்கும் தெரியும். நடுவில் பத்தொன்பது வருடம் இருக்கிறதே, அதில் அவர் என்ன செய்தார்? அப்பாவின் டைரியில் இருந்ததெல்லாம் பஸ் கட்டணம்: அரூர், தர்மபுரி, அரூர். யாரைக் கூட்டிப் போனார், யாருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதைத்தான் வாழ்க்கைக் குறிப்பில் சேர்த்தோம். 2023 செப்டம்பர் 29இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்த செய்தி வந்தபோது அந்த டைரியை எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

17. இரங்கல் கூட்டத்துல யார் யார் பேசணும்? விட்டா விடியற வரைக்கும் பேசுவாங்க.

அப்பாவுக்குப் பதினான்கு பேர் பேசினார்கள். பதினோராவது ஆள் பேசும்போது உள்ளாட்சித் தேர்தல் கூட்டணி வந்துவிட்டது. வைகாசி வெயில், இடையில் மின்வெட்டு, ஐஸ் பாக்ஸுக்கு ஜெனரேட்டர் தேடி தம்பி ஓடினான். அன்றே ஒரு முடிவுக்கு வந்தேன்: உடலை வைத்துக்கொண்டு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், ஆளுக்கு மூன்று நிமிடம். மற்றவர்கள் படத்திறப்பில் பேசட்டும். ஐந்தில் இரண்டு பேர் மேடையேறிப் பழகாதவர்களாக இருக்கட்டும், ஒருவராவது வேறு கட்சிக்காரராக இருக்கட்டும்.

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் என்றால் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேச ஆள் வையுங்கள். அங்கே மறைந்தவருக்கு வணக்கம் சொல்லும் "ஜோஹார்" என்ற முழக்கம் எழும்போது கூட்டம் ஒட்டுமொத்தமாகப் பதில் கொடுக்கும், தமிழ் முழக்கத்துக்கு அவ்வளவு சத்தம் வராது.

18. அவர் காலத்து ஆளுங்க யாரும் இல்ல. பத்துப் பேர்கூட வரலைன்னா அவமானமா இருக்காதா?

மார்க்ஸ் 1883 மார்ச் 14இல் இறந்தார். மூன்று நாள் கழித்து லண்டன் ஹைகேட் இடுகாட்டில் புதைத்தபோது சுற்றி நின்றவர்கள் ஏறக்குறைய பதினோரு பேர். எங்கெல்ஸ் பேசினார், வெளிநாட்டுத் தோழர்கள் அனுப்பிய செய்திகளை வாசித்தார்கள். நீங்களும் வர முடியாதவர்களிடம் இரண்டு வரி எழுதி வாங்கி வாசிக்கலாம். வெளிநாட்டுப் பேரன் குரலில் பேசி அனுப்பினால் மைக்கில் போடலாம்.

19. பதினாறாம் நாள் காரியம் செய்யணுமா? படத்திறப்பு எப்ப வைக்கறது?

காரியம் வேண்டாம் என்றால் பதினாறாம் நாள் வருகிற வாரத்திலேயே ஞாயிறு அன்று படத்திறப்பு வையுங்கள். சொந்தங்கள் எப்படியும் அந்தக் கணக்கில் வருவார்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஞாயிறு தோது. சாப்பாடு எளிமையாக இருக்கட்டும். கடன் வாங்கிக் கறி விருந்து போட்டால் கந்துவட்டிக்கு எதிராகப் பேசியவர் படத்துக்குக் கீழேயே கந்துவட்டி வந்து நிற்கும். நாங்கள் களியும் கீரைக் குழம்பும் போட்டோம், அவர் தினமும் சாப்பிட்டது.

இடையில் இறப்பைப் பதிவு செய்ய மறந்துவிடாதீர்கள். 21 நாளுக்குள் செய்துவிட்டால் அலைச்சல் இல்லை. உடலைக் கல்லூரிக்குக் கொடுத்தாலும் பதிவு தனியாகச் செய்ய வேண்டும்.

20. அலமாரி நிறைய சிவப்பு அட்டைப் புத்தகம். என்ன பண்றது?

ஒரு வருடம் கை வைக்காதீர்கள். மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் இனி வராது, எடைக்குப் போட்டுவிட்டு அப்புறம் தேடுவீர்கள். ஒவ்வொன்றையும் உதறிப் பாருங்கள். கடிதம், ரசீது, போட்டோ விழும். பிறகு நூலகத்துக்கோ சங்க அலுவலகத்துக்கோ கொடுக்கலாம். கொடுக்கும் முன் முதல் பக்கத்தில் அவர் பெயரும் ஊரும் எழுதிவிடுங்கள்.

21. எங்க பாட்டியும் கட்சிதான். அவங்களுக்கும் இதெல்லாம் செய்வாங்களா?

இதை ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். கொடியிலிருந்து கூட்டம் வரை எல்லாம் அப்படியே. வாழ்க்கைக் குறிப்பில் "தோழர் இன்னாரின் துணைவியார்" என்று தொடங்காதீர்கள். எத்தனை பேருக்குச் சோறு போட்டார் என்பதும் வரட்டும், எத்தனை மறியலில் கைதானார் என்பது அதற்கு முன்னால் வரட்டும்.

22. அப்பா நல்லாத்தான் இருக்கார், எண்பத்தொண்ணு. இதையெல்லாம் அவர்கிட்ட எப்படிக் கேட்கறது?

வேறொரு சாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கேளுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்க பண்ணது சரியாப்பா?" என்று ஆரம்பித்தால் போதும், இவர்களுக்கு விமர்சனம் செய்யப் பிடிக்கும். "எனக்கு அப்படிப் பண்ணாதீங்க" என்று தானாக வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் தேதி போட்டு எழுதி, அவர் கையெழுத்தும் அம்மா கையெழுத்தும் வாங்கி, ரேஷன் கார்டு இருக்கிற பையிலேயே வையுங்கள். 1ஆம் கேள்வியில் சொன்ன அட்டை மாதிரிச் சட்டைப் பையில் கிடக்க வேண்டாம்.

பென்னாகரத்தில் ஒரு தோழர் பேத்தியின் நோட்டுப் புத்தகத்தில் ஒன்பது வரி எழுதச் சொல்லியிருக்கிறார். கண், உடல், கொடி, யார் பேசக் கூடாது எல்லாம் வரிசையாக இருக்கிறது. கடைசி வரி: "மைக் செட்டுக்காரருக்கு அன்னைக்கே பணத்தைக் கொடுத்துடணும். இழுத்தடிக்கக் கூடாது."